ஜேரட் பெயருக்கு வந்த மூன்று காசோலைகள்

2020 மே 16, சனி: 1,200 டாலர்.
2021 ஜனவரி 11, திங்கள்: 600 டாலர்.
2021 மார்ச் 31, புதன்: 1,400 டாலர்.

மூன்றும் கொரோனாக் காலத்தில் அமெரிக்க அரசாங்கம் எல்லோருக்கும் அனுப்பிய உதவித்தொகை. மூன்றும் ஜேரட் லீ ஸ்டிடம் என்ற பெயருக்கு எழுதப்பட்டவை. ஜேரட்டுக்கு வங்கிக் கணக்கு கிடையாது, நிலையான விலாசமும் கிடையாது. மர அறுவை ஆலையில் வேலை பார்த்த கடைசி வருடம் வரிப் படிவத்தில் அப்பாவின் விலாசத்தை எழுதியிருந்தான். அதனால் மூன்றும் வெண்டல் ஸ்டிடமின் தபால் பெட்டிக்குத்தான் வந்தன.

வெண்டல் ஸ்டில்ஹவுஸ் ஓடைப் பாதையில் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்தவர். எழுபத்து நான்கு மைல், அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். ஸ்டீயரிங் இடது பக்கம் உள்ள சொந்தக் காரில், சாலையோரப் பெட்டிகளைக் கை எட்டுவதற்காக வலது பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை எட்ட நீட்டி பிரேக்கை மிதித்தே ஓட்டியதில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உறையின் மேல் யார் பெயரோ அவருக்குச் சொந்தம். அதற்கு மேல் யோசிப்பது தபால்காரனின் வேலை இல்லை என்பது அவர் கணக்கு. ஒரு குடிகாரனின் ஓய்வூதியக் காசோலையை அவன் மனைவி வழிமறித்து, "பிள்ளைங்க பட்டினி, எங்கிட்ட கொடுங்க" என்று காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் அவர் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவன் கையில்தான் கொடுத்தார். அது 1994 நவம்பர். அந்த முகம் அவருக்கு மறக்கவில்லை, ஆனால் செய்தது தவறு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மகன் ஒருவன்தான். ஆலையில் முதுகில் கட்டை விழுந்து, வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை நின்ற பிறகு அதைவிடக் கடுமையான போதைப்பொருள் வந்தது. ஜேரட்டுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

முதல் காசோலையைக் கொண்டுவந்தவள் ரோண்டா. வெண்டல் ஓய்வு பெற்றபின் அந்தப் பாதை அவளுக்கு வந்தது.

"வெண்டல், உங்க பையனுக்கு ஜன்னல் வெச்ச உறை. எங்கிட்ட கேட்டா, நேரா ஓடையில போடுங்க."

"அவன் பேர் இருக்கு ரோண்டா."

"பேர் எழுதி வந்துச்சுன்னா பாம்பையும் கொண்டு போய் கொடுப்பீங்களா?"

"பெட்டியில காத்துப் போக ஓட்டை போட்டிருந்தா கொடுப்பேன். உனக்கு வந்ததை என்ன பண்ணே?"

"நாலு டயர் மாத்தினேன். கவர்மென்ட் காசு, கவர்மென்ட் தபாலைச் சுமந்தே தேயப் போகுது. உங்களுது?"

"முன்வாசல் கூரைக்குத் தகரம்."

அந்த ஓடைப் பள்ளத்தாக்கு முழுக்க அந்த மாதம் புதுத் துணி துவைக்கும் இயந்திரமும் பெரிய தொலைக்காட்சியும் வந்து இறங்கின. வெண்டல் உறையைச் சட்டைப் பையில் வைத்து, பதினான்கு மைல் ஓட்டி, ஒரு நண்பனின் கொல்லையில் நின்ற கேம்பர் வண்டிக்குப் போனார். ஜேரட் அதில்தான் தங்கியிருந்தான்.

"பார்றா, கோர்ட்டுக்கு வான்னு கூப்பிடாம கவர்மென்ட் எனக்குக் காசு அனுப்பியிருக்கு!" என்று சிரித்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "பூட்ஸ் வாங்கறேம்ப்பா. போனுக்குக் கட்டறேன். பயப்படாதே."

பூட்ஸ் வாங்கினான். போனுக்கும் கட்டினான். மீதிப் பணம் போதைக்குப் போனது. ஒன்பதாவது நாள், மே 25, பெட்ரோல் நிலையக் கழிப்பறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். ஷெரிப் அலுவலகத்துக் காவலர் ஒருவர் போதையை முறிக்கும் மருந்தை மூக்கில் அடித்து மூச்சைத் திருப்பினார். வெண்டல் போனபோது அவன் புது பூட்ஸோடு நடைபாதையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். கொண்டுபோய்க் கொடுத்தது தன் கை என்பதை அன்று முழுக்க வெண்டலால் மறக்க முடியவில்லை.

இரண்டாவது காசோலை வந்த திங்கட்கிழமை அவர் கார்ச் சாவியை எடுக்கவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு மேஜை முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகிறவர்கள் எழுதிக் கொடுத்தால், தபாலை முப்பது நாள் வரை நிறுத்தி வைக்கத் தபால் நிலையத்தில் விதி உண்டு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லைதான். ஆனாலும் அந்த விதியை இழுத்துத் தன் மேல் போர்த்திக்கொண்டார். நாட்காட்டியில் பிப்ரவரி 10-ஐ வட்டமிட்டார். உறையை மனைவியின் தையல் இயந்திரத்து இழுப்பறையில் வைத்து மூடினார். திருடவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை ஜேரட் வந்தான். யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இளைத்திருந்தான், ஆனால் முகத்தை மழித்திருந்தான். வெண்டல் பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தார். பாதிதான் சாப்பிட்டான்.

"அப்பா, என் செக் வந்துச்சா? ஆறாம் தேதியே போட்டுட்டோம்னு வெப்சைட்ல இருக்கு."

"எதுக்கு?"

"டவுன்ல ஒரு வீடு இருக்குப்பா, போதையை விட்டவங்க தங்கற வீடு. டெப்ரான்னு ஒரு அம்மா நடத்துது. ஒரு கட்டில் காலியா இருக்கு. முன்பணமும் ரெண்டு வார வாடகையும் சேர்த்து ஐந்நூத்தம்பது. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கட்டணும்."

போன கோடையில் பல்வலி என்றான், நண்பன் மகளுக்கு மருந்து என்றான், காருக்குப் பேட்டரி என்றான். ஒவ்வொன்றும் எந்தத் தேதி, எவ்வளவு என்று வெண்டலுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவன் இதே போலக் கண்ணைப் பார்த்துத்தான் பேசினான்.

"வரலை" என்றார் வெண்டல்.

"வரவே இல்லியா?"

"வரலைடா."

ஜேரட் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். "பனி. லாரி எங்கியாவது மாட்டியிருக்கும். நீ சொன்னா சரிதான். வந்தா எனக்கு போன் பண்ணுப்பா, எந்நேரமானாலும்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். தட்டைக் கழுவி வைத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அதையும் வெண்டல் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை போனது. அடுத்த வாரம் வியாழன் இரவு மறுபடி போனில் கேட்டான். இல்லை என்றார். ஜனவரி 23, சனிக்கிழமை காலை, கேம்பர் வண்டியில் ஜேரட்டை நண்பன் பார்த்தான். இந்த முறை மருந்து அடிக்க ஆள் வந்து சேர்ந்தபோது உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்ஸைக் காணவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள், ஜேரட்டின் போனில் இருந்த ஓர் எண்ணை வெண்டல் அழைத்தார்.

"டெப்ரா பேசறேன்."

"அம்மா, நான் ஜேரட்டோட அப்பா."

அந்தப் பெண்ணுக்குச் செய்தி தெரிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிட்டார் ஐயா. செக் இன்னும் வரலை, திங்கள் வரைக்கும் கட்டிலை வெச்சிருக்க முடியுமான்னு கேட்டார். இந்தக் கதையை நான் ஒரு நாளைக்கு நாலு பேர்கிட்ட கேக்கறேன்னு சொன்னேன். அதுக்கு அவர், 'எங்கப்பா முப்பத்தோரு வருஷம் தபால்காரர், அவர் வரலைன்னா வரலை'ன்னார். அந்தப் பேச்சுக்காகத்தான் திங்கள் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தேன். அப்புறம் வேற ஒரு பையன் காசோட வந்து நின்னான். என்னால முடியலை ஐயா."

"நீங்க செஞ்சது சரிம்மா" என்றார் வெண்டல்.

"செக் கடைசியில வந்துச்சா?"

அவர் போனை வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் அவரிடம் இருந்தது.

அறுநூறு டாலர் உறையில் முகவரிக்கு அருகே சிறிய கட்டம் ஒன்று அச்சிட்டிருந்தது. பெயருக்குரியவர் இறந்திருந்தால் அதில் குறியிட்டுத் தபால் பெட்டியில் போட வேண்டும். வேலையில் இருந்தபோது எத்தனையோ கிழவர்களின் உறைகளில் அந்தக் குறியை அவர் பார்த்திருக்கிறார். ஜனவரி 29 அன்று குறியிட்டு, பெட்டியில் வைத்து, எடுத்துப் போகத் தபால் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியை உயர்த்தினார். ரோண்டா வந்து எடுத்தாள். தபால் முத்திரையின் தேதியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உறையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அதன்பின் அவரிடம் டயர் பற்றியோ பாம்பு பற்றியோ அவள் பேசியதே இல்லை.

மூன்றாவது காசோலையை மார்ச் 31 அன்று அவள் பெட்டியில் போடாமல் வாசலுக்கே கொண்டுவந்தாள்.

"நானே குறி போட்டுத் திருப்பி அனுப்பிடறேன். நீங்க தொட வேண்டாம்."

"கொடு."

"வெண்டல், நீதிமன்ற எழுத்தர்கிட்ட வாரிசுன்னு எழுதி வாங்கினா இதைக் காசா மாத்தலாம்ங்கறாங்க. கல்லறைக்குக் கல்லாவது வைக்கலாம்ல?"

கல் விலையை அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார், 1,385 டாலர். ஆனால் அவர் மனதில் கல் இல்லை. மறுநாள் காலை உறையோடு டவுனுக்கு ஓட்டினார். எழுத்தர் கேட்கும் படிவம் எதுவானாலும் நிரப்பிக் கொடுத்து, 1,400-ஐயும் டெப்ராவிடம் கட்டிவிட வேண்டும். காசில்லாமல் வந்து நிற்கிற எவனுக்காவது கட்டில் கிடைக்கட்டும். எதற்கு என்று அவள் கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடவும் முடிவு செய்திருந்தார். நாற்பது மைலும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

முதலில் டெப்ராவின் வீட்டுக்குப் போனார். வாசலில் வாடகைக்கு என்று பலகை தொங்கியது. எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அவரிடம் வெண்டல் விசாரித்தார்.

"அவங்களா? காலி பண்ணி மூணு வாரம் ஆச்சு. வாடகை கட்ட முடியலை. உள்ள எட்டுப் பசங்க இருந்தானுங்க."

"அவங்கள்லாம் எங்க போனாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும் பெரியவரே? உங்க ஆள் யாராவது இருந்தாங்களா?"

"இல்லை" என்றார் வெண்டல்.

டெப்ராவின் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அவர் எழுத்தர் அலுவலகத்துக்குப் போகவில்லை. காரில் உட்கார்ந்தபடியே உறையின் கட்டத்தில் குறியிட்டார். பேனா ஒரு முறை எழுதவில்லை. இரண்டாவது முறை எழுதியது. அந்த ஊர்த் தபால் நிலையத்தில் போட்டுவிட்டு வீடு திரும்பினார்.

அதன்பின் ஜேரட்டுக்குத் தபால் வருவது குறைந்து நின்றது. வெண்டல் தன் தபாலைக்கூட நாள் தவறாமல் எடுப்பதில்லை. இரண்டு மூன்று நாள் பெட்டியிலேயே கிடக்கும். பத்து மாதம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து அவன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பெட்டியடியில் நின்றபடியே, பிறர் பெயருக்கு வந்த ஓர் உறையை வாழ்க்கையில் முதல்முறையாக வெண்டல் பிரித்தார். அன்புள்ள ஜேரட் லீ ஸ்டிடம், உங்களுக்கு 1,400 டாலர் அனுப்பியிருக்கிறோம், இந்தக் கடிதத்தை உங்கள் ஆவணங்களோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அது வந்தது 2022 பிப்ரவரி 9, புதன்கிழமை.