லூனா குறித்து நான் எழுதிய குறிப்பு

என் மகள் தன் பெண்குழந்தைக்கு லூனா என்று பெயர் வைக்க விரும்பினாள். குழந்தை பிறந்தது சங்கரன்கோவிலில். பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டார்கள். ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் தொல்லையில்லை. அதற்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன. அதைக் கணக்கிட்டுச் சொன்னவன் நான்; தாலுகா ஆபீசில் காலமெல்லாம் நான் பார்த்த வேலை கெடு கணக்கிடுவதும் குறிப்பெழுதுவதும்தான்.

சம்பந்தியம்மா மேலநீலிதநல்லூரிலிருந்து வந்துவிட்டார். அவருக்கு அம்மன் பெயர் வேண்டும். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர்.

"லூனான்னா எங்க வீட்டுக்காரர் வச்சிருந்த வண்டில்லா, அண்ணாச்சி. பிள்ளையக் கூப்பிட்டா பெட்ரோல் வாடை அடிக்கி."

"லத்தீன்ல நிலான்னு அர்த்தம், அத்தை" என்றாள் மகள்.

"சந்திரன் என்ன லத்தீன்காரன் வீட்டுக்கு மட்டுமா வருதான்? உங்கப்பா படிச்சவரு. பேருக்கு என்ன அர்த்தம்னு அவரே எழுதித் தரட்டும். அதுக்குக் கட்டுப்படுதேன்."

மகள் உடனே சம்மதித்தாள். அப்பாதானே எழுதப்போகிறார் என்ற தைரியம்.

ஆபீஸ் குறிப்பின் வழக்கமான முறைப்படி பொருள், பார்வை என்று தலைப்பெல்லாம் போட்டு எழுதினேன். ஒன்று, சந்திரன். இரண்டு, ரோமானியரின் சந்திர தேவதை. மூன்று, ரசவாதிகளிடம் வெள்ளி. தேர்தல் நாட்களில் நான் ஊரார் விரலில் வைத்த மையிலும் வெள்ளி உப்பு உண்டு. நான்கு, பிறை வடிவமான எதுவும். நகத்தின் அடியிலுள்ள வெள்ளைப் பிறைக்கு அதன் குட்டிச் சொல்லான லூனுலாதான் பெயர். ஐந்து, அமெரிக்காவில் ஒரு பச்சை அந்துப்பூச்சி. நான்காவதற்கு உள்ளூர்ச் சான்றாக, பாதி சிவனும் பாதி பெருமாளுமான நம் கோவில் மூலவரின் சிவபாகத்துச் சடையில் பிறை இருப்பதையும் சேர்த்தேன். பாதித் தலைக்கு மட்டும் என்பதையும் குறிப்பிட்டேன். ஆறு, பைத்தியம். நிலவால் புத்தி பேதலிக்கும் என்று நம்பியவர்கள் ஆங்கிலத்துக்கு லூனாடிக் என்ற சொல்லைத் தந்தார்கள். எங்கள் பழைய சட்டப் புத்தகங்களில் அது இருந்தது.

மகள் வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அப்பா, ஆறாவதை மட்டும் எடுத்துருங்க."

பாதகமான விவரத்தைக் குறிப்பிலிருந்து நான் நீக்கியதில்லை, மேலதிகாரி சொன்னால் தவிர. மகள் மேலதிகாரி இல்லை. குறிப்பெழுதுபவன் தன் கருத்தைச் சொல்வதும் கிடையாது. ஆகவே 'ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடித்துக் கையெழுத்திட்டேன்.

சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து வாசித்தார். ஆறில் விரல் நின்றது.

"பைத்தியம்னு உங்க கையாலயே எழுதியிருக்கிய. கையெழுத்தும் போட்டிருக்கிய. பெறகு என்ன?"

மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "தாள்ல இருக்கது கெடக்கட்டும். உங்களுக்கு இந்தப் பேரு பிடிச்சிருக்கா, இல்லையா?"

பிடித்திருந்தது. "குறிப்பெழுதினவன்கிட்ட அதைக் கேக்கக்கூடாதும்மா" என்றேன்.

மறுநாள் நகராட்சியில் அம்மன் பெயர் ஏறியது. படிவத்தைச் சரிபார்த்தவன் நான். இரு மொழியிலும் எழுத்துப் பிழை இல்லை. ஏறிய பெயரை வேறு பெயராக மாற்ற வழியில்லை என்பதையும் அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தேன்.

மகள் இப்போது ஞாயிறுதோறும் அவள் அம்மாவைத்தான் அழைக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டிருப்பதால் எனக்கும் கேட்கும். பேச்சுக்கு நடுவே, "லூனா, கீழ இறங்கு" என்று அதட்டுகிறாள்.