நேராகப் போன வாடகை

நார்மன் பர்ட்வெலுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். பஸ் ஓட்டிய காலத்தில், கடைசி நிறுத்தத்தில் தள்ளாடி இறங்குகிற குடிகாரனைக்கூட "பாத்துப் போங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் கதவை மூடுவார். இங்கிலாந்தின் கடலோர ஊரான மோர்கம்பில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைக் கேலி செய்வார்கள். நானும்தான். ஊரார் வந்து காசு போட்டுத் துவைத்துக்கொள்ளும் சலவை மெஷின் கடை நடத்துகிறவளுக்கு ஊரார் அழுக்கெல்லாம் தெரியும். நார்மனிடம் அழுக்கே கிடையாது என்பதுதான் என் எரிச்சல். என் கடைக்குக் கொண்டுவருமுன் துணியை வீட்டிலேயே ஒருமுறை அலசிக் கொண்டுவருகிற மனுஷனை என்ன செய்வது?

வாய் முழுவதும் அவர் மனைவி ஷீலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் வந்தால் என் கடையில் மெஷின் சத்தம் கேட்காது. "என் புருஷன் பஸ்ஸுக்கு முன்னாடி புறா நின்னாக்கூட ஹாரன் அடிக்க மாட்டான், அதுவா நகரட்டும்னு இருப்பான்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார்.

சர்க்கரை நோய் அவர் கண்ணில் கைவைத்தபோது பஸ் போயிற்று. வேறு வேலை தர யாருமில்லை. வாடகைக்குக் கவுன்சில், அதாவது எங்கள் ஊர் நகராட்சி, உதவித்தொகை கொடுத்தது. அது அவருடைய வங்கிக் கணக்குக்கு வரும், அவர் எடுத்து ஒரு உறையில் போட்டு வைப்பார், மாதத்தின் முதல் சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்து ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வாங்கிப் போவார். வீட்டுக்காரர் பெயர் கீத் ஹார்க்ரீவ்ஸ். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவர், ஓய்வுக்காலத்துக்கு ஆகுமே என்று வங்கியில் கடன் வாங்கி அந்தத் தரைத்தள வீட்டை வாங்கிப் போட்டிருந்தார். கெட்டவர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போடுவார், பாய்லர் நின்றால் அன்றைக்கே ஆள் அனுப்புவார். பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நார்மன் மறைத்திருக்க மாட்டார்.

அப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஓடியிருக்கும், இன்னமும்.

ஷீலாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு மழைநாளில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது. வலது கையும் காலும் போயின, பேச்சில் முக்கால்வாசியும் போயிற்று. லான்காஸ்டர் ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது, அந்த வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

ஆனால் அவள் தேறினாள். வாக்கரைப் பிடித்து இரண்டு அடி, நான்கு அடி என்று நடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து வீட்டின் கதவுகளை அளந்து பார்த்தாள். படியில்லாத வீடு, படுக்கையை ஒட்டிக் குளியலறை, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும், நடை இன்னும் கொஞ்சம் தேறியதும் அழைத்துக்கொண்டு வரலாம் என்று எழுதிக் கொடுத்தாள். மாடி வீடாக இருந்தால் அனுப்ப மாட்டோம், முதியோர் பராமரிப்பு இல்லம்தான் என்பதையும் சொன்னாள். நார்மன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவருடைய வீடுதான் தரைத்தளம் ஆயிற்றே.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறோம், கண்ணும் சரியில்லை, ஏதோ ஒரு சனிக்கிழமை கீத் வந்து கதவைத் தட்டி ஏமாந்து திரும்பிவிட்டால் என்னாவது என்று யோசித்திருக்கிறார். கவுன்சிலுக்குப் போய், வாடகைப் பணத்தை இனி தன் கணக்குக்கு அனுப்பாமல் நேராக வீட்டுக்காரர் கணக்குக்கே அனுப்பிவிடும்படி கேட்டிருக்கிறார். அவர்களும் சரி என்றுவிட்டார்கள். என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

"இனிமே கீத்துக்குக் கவலையே இல்ல, மேவிஸ் கண்ணு. நான் எங்க கெடந்தாலும் பணம் டாண்ணு போயிரும். கவுன்சில் பணம். அதைவிட உறுதியா வேற என்ன இருக்கு?"

அட அப்பாவி மனுஷா என்று நினைத்தேன். எங்கள் தெருமுனைப் பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் வீடு வாடகைக்கு என்று ஒட்டியிருக்கும் அட்டைகளில் பாதிக்கு மேல் "டி.எஸ்.எஸ். வேண்டாம்" என்ற வரி இருக்கும். உதவித்தொகை வாங்குகிறவன் வரவேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பெயரில் இருந்த அரசு அலுவலகத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அந்த மூன்றெழுத்துக்கு மட்டும் சாவே இல்லை. நார்மன் அவற்றைத் தினமும் கடந்துதான் போனார். அது வாடகை கொடுக்காமல் ஓடுகிறவர்களைச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தார். தன்னைச் சொல்வதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் துவைத்த படுக்கை விரிப்புகளைக் கொடுக்கப் போயிருந்தேன். கீத் வந்தார். டீயை வாங்கவில்லை. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல, நார்மன். கடன் குடுக்கும்போதே பேங்க்ல எழுதி வாங்கிட்டாங்க, உதவித்தொகை வாங்கறவங்களுக்கு விடக்கூடாதுன்னு. இன்ஷூரன்ஸ்காரனும் அப்படித்தான். இப்ப என் கணக்குல கவுன்சில் பேரே வந்திருச்சு. எனக்குத் தெரியாதுன்னு இனிமே நான் சொல்ல முடியாதே."

"மூணு வருஷமா அதே பணம்தான், தம்பி."

"தெரியுது. ஆனா அது உங்க கையால வந்துச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை வழியா வந்தா பணம், கவுன்சில் வழியா வந்தா குப்பையா என்று கேட்டேன். மறுபடி கையாலேயே வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரும் என்றேன். தெரிந்துவிட்டதைத் தெரியாததாக்க முடியாது, மறைத்தால் பேங்க்கை ஏமாற்றியதாகிவிடும், வாத்தியார் வேலையும் வீடும் போய்விடும் என்றார் கீத். அவர் முகம் வெளுத்துத்தான் இருந்தது. பயந்த மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் நான் திட்டித் தீர்த்து நிம்மதியாயிருப்பேன். இரண்டு மாதத்தில் காலி செய்யும்படி நோட்டீஸ் கொடுத்தார். காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை, சட்டம் அப்படி.

நார்மன் செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. "உன்னச் சங்கடத்துல மாட்டிவிட்டுட்டேன், மன்னிச்சுக்க" என்று அவரிடமே சொல்லி, வாசல்வரை போய் வழியனுப்பினார்.

அதன்பிறகு வீடு தேடினோம். அவருக்குக் கண் சரியாகத் தெரியாததால் அட்டைகளை நான் படிப்பேன், என் கடைப் போனிலிருந்து எண்ணைச் சுழற்றிக் கொடுப்பேன். படியில்லாத வீடு என்று ஒன்று கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், வேலையில் இருக்கிறீர்களா என்று. இல்லை என்று சொல்லும்போதே அவர் உதவித்தொகையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். உடனே, அந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டது என்பார்கள். ஒருமுறை ஏஜென்ட் அப்படிச் சொல்லிப் போனை வைத்த பிறகு, நான் கொஞ்சம் மேட்டுக்குடிக் குரலில் அதே எண்ணுக்குப் பேசினேன். பல் டாக்டரிடம் வேலை பார்ப்பதாகச் சொன்னேன். வீடு அப்படியே இருந்தது, சாயங்காலமே பார்க்க வரலாமாம். துணி காயக் காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"பல் டாக்டரா? நீ பல்லு வெளக்கறதே பெரிசு" என்றான் அங்கிருந்த ஒருவன். நார்மனும் சிரித்தார். பிறகு குனிந்து ஷீலாவின் இரவு உடைகளை மடிக்க ஆரம்பித்தார். நீங்களும் பொய்யாக ஏதாவது ஒரு வேலையைச் சொல்லுங்களேன் என்றேன். சம்பளச் சீட்டு கேப்பாங்களே கண்ணு, என்றார்.

கவுன்சிலில் இருந்த பெண் ரகசியம் போல ஒன்று சொன்னாளாம். நோட்டீஸ் தேதி முடிந்தாலும் வெளியே போகாதீர்கள், கோர்ட் ஆள் வந்து வெளியேற்றும்வரை உள்ளேயே இருங்கள், அப்போதுதான் எங்களால் வீடு கொடுக்க முடியும், நீங்களாகப் போனால் எங்கள் கை கட்டப்பட்டுவிடும் என்று. எங்கள் ஊரில் இதைத் தெரியாத வாடகைக்காரர் கிடையாது. நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அடுத்தவன் வீட்டில் போகச் சொன்ன பிறகும் எப்படி உட்கார்ந்திருப்பது என்றார் நார்மன். வாசலில் கோர்ட் ஆள் வந்து நிற்பதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

சொன்ன தேதியில் காலி செய்தார். அடுப்பைத் தேய்த்து, ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்து, தரையைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கீத் நன்றி சொன்னாராம். கவுன்சில் அவரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தது, அவராகவே வெளியேறியதால் எல்லாருக்கும் பின்னால்.

கிடைத்தது கடலோரத்தில் ஒரு பழைய விடுதியின் உச்சி மாடி அறை. உதவித்தொகைக்காரர்களை மட்டுமே வைத்துக்கொள்கிற இடம், சுவரெல்லாம் ஈரம். படிக்கட்டைப் பார்த்ததுமே ஆஸ்பத்திரிப் பெண் தலையை ஆட்டிவிட்டாள். நடக்கப் பழகியிருந்த ஷீலாவை ஆஸ்பத்திரியிலிருந்தே பக்கத்து ஊர் ஹேஷமில் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். நார்மன் தினமும், தான் ஒரு காலத்தில் ஓட்டிய அதே வழித்தட பஸ்ஸில் போய்வந்தார். அங்கே நடக்கவைக்க ஆளில்லை. வாக்கர் சுவரோரம் நின்றது, அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த இல்லத்துக்குக் கட்டணம் கொடுப்பதும் கவுன்சில்தான். அவர்கள் குடியிருந்த வீட்டு வாடகையைப் போல எத்தனையோ மடங்கு, மாதாமாதம், நேராக முதலாளியின் கணக்குக்கே போகிறது. எங்கிருந்து வரும் பணம் என்று அந்த மனுஷன் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. போன மாதம் இன்னொரு இல்லம்கூட வாங்கிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். வீடு போனதை நார்மன் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் அவரைப் பார்த்ததும் எதையோ சொல்ல முயன்றாள். நாங்கள் காத்திருந்தோம். நெற்றி வியர்த்து, வாய் கோணி, கடைசியில் சொற்கள் வந்தன.

"வாடகை... குடுத்தாச்சா?"

நார்மன் அவளுடைய செத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"குடுத்தாச்சும்மா" என்றார். "இப்பல்லாம் நேரா போயிருது. ஒரு நாள்கூடத் தப்பறதில்ல."