சிலேட்டில் எழுதிய பதில்கள்

என் தோழி ஹரிப்ரியாவை யாராவது “வீட்டில் சும்மா இருக்கிறவள்” என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபத்தில் பாதி சொல்கிறவர்கள் மேல், மீதிப் பாதி என் மேல்.

நானும் அவளும் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகப் படித்து, சென்னையில் ஒரே சாப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டாயிரமாவது ஆண்டு ஒரு கலிபோர்னியா கம்பெனி எங்கள் இருவரையும் போனில் பேட்டி எடுத்தது. “ஜெஸ்ஸி, ஸாரி” என்று என்னைக் கழித்துவிட்டது. அவளுக்கு வேலை விசா எடுத்துத் தர முன்வந்தது. ஏப்ரலில் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. தூதரகத்தில் முத்திரை வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் அப்பா நரசிம்மன், கல்யாணம் ஆகாமல் பெண்ணை விமானம் ஏற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். திருவிடந்தைக்குக் கூட்டிப்போய், கழுத்தில் மாலை போட்டு ஒன்பது சுற்று சுற்ற வைத்தார். பெருமாளுக்கு அவ்வளவு சிரமம் கொடுத்திருக்க வேண்டாம். அந்தக் கடிதத்தைக் காட்டியதுமே ஜாதகங்கள் குவிந்தன. செங்கல்பட்டு ராகவன் அமைந்தார். படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர், தங்கமான குணம் என்றார்கள். ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் நட்சத்திரம் கேட்டார்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். மனைவியின் விசாவில் துணைக்குப் போகிற கணவன் அங்கே ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்பதை மட்டும் விசாரிக்கவில்லை. அது ராகவனின் நண்பன் ஒருவன் சொல்லி, கல்யாணமாகிப் பத்தாம் நாள்தான் தெரிந்தது.

மாமியார் சாரதாம்பாள் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. வீட்டிலும் அதே அதிகாரம்தான்.

“எம்புள்ள பொண்டாட்டி முந்தானைய புட்ச்சுகினு போயி அங்க குந்திகினு சோறு துண்ணணுமா? ஊரு இன்னா பேசும்?” என்றார்.

ராகவன் அம்மா சொன்னதற்குத் தலையாட்டினார். தங்கமான குணம் அல்லவா.

அமெரிக்காவில் அப்போது கம்பெனிகள் சரிய ஆரம்பித்திருந்தன. இருப்பது ஒரே இடம், நவம்பருக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறோம் என்று கம்பெனி எழுதியது. தனியாகவாவது கிளம்பு என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றாள். கடைசியில், தனக்குப் பதிலாகத் தன் கணவரைப் பேட்டி எடுத்துப் பார்க்கும்படி அவளே பதில் எழுதினாள். யார் பேரில் போனால் என்ன, ஒரே வீடுதானே என்று மாமியார் சமாதானம் சொன்னாராம்.

ராகவனுக்குப் புரோகிராமிங் தெரியாது. ஒரு மாதம் அவள் சொல்லிக்கொடுத்தும் பாதிக்கு மேல் ஏறவில்லை. போன் பேட்டி ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. உதவிக்கு வா என்று என்னையும் செங்கல்பட்டுக்கு அழைத்தாள். சாரதாம்பாள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு சிலேட்டுகள் கொண்டுவந்திருந்தார். காகிதம் சரசரத்தால் அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்பது அவருடைய யோசனை. போனில் கேள்வி வரும். ஹரிப்ரியா சாக்பீஸால் பதில் எழுதி நீட்டுவாள். ராகவன் வாசிப்பார். அதற்குள் நான் மற்ற சிலேட்டை ஈரத்துணியால் துடைத்து அவளிடம் கொடுப்பேன். நாற்பது நிமிடம் இப்படியே நடந்தது. மிகத் தெளிவாகப் பதில் சொல்கிறீர்கள் என்று அந்த வெள்ளைக்காரர் பாராட்டினார். சாரதாம்பாள் கற்பூரம் ஏற்றி மகனுக்குத் திருஷ்டி கழித்தார்.

அடுத்த மார்ச்சில் கிளம்பினார்கள். அவருக்கு வேலை விசா, அவளுக்குத் துணை விசா. அவள் பாஸ்போர்ட்டில் இருந்தது வேலை செய்ய அனுமதி இல்லாத முத்திரை.

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு வரும்? அங்கே போன இரண்டாவது வாரமே அவர் ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் செய்து கொடுத்தாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. மாலையில் வேலை வரும், காலையில் முடிந்து போகும். நடுவில் சமையலும், அங்கே பிறந்த பிள்ளையும். ஏழு வருடத்தில் அவருக்கு மூன்று பதவி உயர்வு. ஒவ்வொன்றுக்கும் நரசிம்மன் டவுன்ஷிப் முழுக்க இனிப்பு கொடுத்தார், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி.

2008இல் கம்பெனி ஓ.எம்.ஆரில் கிளை திறந்து ராகவனைத் தலைவராக அனுப்பியது. படூரில் அபார்ட்மென்ட். இங்கே விசாவா கேட்கிறார்கள், இனி என் பேரில் வேலை செய்கிறேன் என்று என் ஆபீஸுக்கு அவள் விண்ணப்பம் கொடுத்தாள். பேட்டி எடுத்தது என் மேனேஜர் நிதினும் நானும். நிதினுக்கு வயது இருபத்தொன்பது.

முதல் கேள்வியே, இந்த ஏழு வருடம் என்ன செய்தீர்கள் என்பதுதான். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

“வீட்டுல இருந்தேன் சார்.”

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ராகவன் வேலை போகும், அவள் குடும்பம் போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சிலேட் துடைத்தவள் என்று என் பெயரும் வெளியே வரும் என்பதுதான் நிஜம்.

நிதின் ஒரு சிக்கலைச் சொல்லித் தீர்வு கேட்டார். அவள் எழுந்து போர்டில் ஒரு வரைபடம் போட்டாள். பத்தே நிமிடம். ஒரு கோடு பிசகவில்லை. போட்டு முடித்து, நாங்கள் பார்த்ததும், யாரும் சொல்லாமலே டஸ்டரை எடுத்து முழுக்கத் துடைத்தாள். வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

நிதின் சிரித்தார். அதே வரைபடத்தைத்தான் போன மாதம் ராகவன் தன் கம்பெனி சார்பில் எங்கள் ஆபீஸுக்கு வந்து, தன் தயாரிப்பு என்று ஒரு மணி நேரம் விளக்கிவிட்டுப் போயிருந்தார்.

“ராகவன் சார் டிசைனை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்க. இவ்ளோ கேப் இருந்தா கஷ்டம். ஒரு வருஷம் சார்கிட்ட உக்காந்து ஒழுங்கா கத்துக்கிட்டு வரச் சொல்லுங்க, ஜெஸ்ஸி.”

சொல்கிறேன் என்றேன்.