மாமா சொன்ன நாவல்களில் யாரும் சாகவில்லை

சமீபத்தில் வந்த மாயக்கதை, அறிவியல் கதை நாவல்களாக வாங்கி அடுத்தடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவர்களுக்குக் கை கூசுவதே இல்லை. நமக்குப் பிடித்துப்போன ஆளாகப் பார்த்துக் கொல்கிறார்கள். டிராகன் ஊதி எரித்துவிடுகிறது, விண்கப்பலில் காற்று தீர்ந்துபோகிறது. எனக்குத் துக்கம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும். 'இவருக்கு டிரான்ஸ்ஃபர்' என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அது என் மாமாவின் குரல்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர இங்கிலீஷ் நாவல் படித்துப் பழகியவர். புத்தகமெல்லாம் பெங்களூர் நடைபாதைக் கடையில் வாங்கியவை. தெரியாத வார்த்தை வந்தால் நிற்க மாட்டார். "மேடு பள்ளத்தைப் பாத்தா நம்ம ரோட்ல வண்டி ஓட்ட முடியுமா, போய்க்கிட்டே இருக்கணும்" என்பார்.

நான் ஆறாவது படித்தபோது தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். அதற்கு முந்தின வருஷம் ஒரு பிள்ளை ஏழாம் மாதத்தில் தவறிப்போயிருந்தது. அதனால் இந்த முறை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏழாம் மாதம் தாண்டிவிட வேண்டும் என்பதைத் தவிர வீட்டில் வேறு நினைப்பு இல்லை. அம்மாவுக்குப் பொழுது போகவேண்டுமே என்று, காலை ஷிப்ட் முடிந்ததும் மாமா நேராக வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு நாவல் சொல்வார். கன்னடம் பேசும் கீழ்வீட்டு ஆண்ட்டியும் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பார். மாமா மூச்சு வாங்க நிறுத்தினால், "ஆமேலே?" என்பார். அப்புறம் என்று அர்த்தம்.

மாமா கதை மட்டும் சொல்ல மாட்டார், தீர்ப்பும் சொல்வார். டிராகன் கதை என்றால், "அஞ்செட்டி ரோட்ல ஒத்த ஆனை வந்து நின்னாலே பஸ் போவாது. இவன் டிராகனுக்கு மூக்கணாங்கயிறு போட்டு ஓட்டறான்." தலைமுறை தலைமுறையாகப் பறக்கும் விண்கப்பல் என்றால், "அவ்ளோ வருசத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எங்கிருந்து வருது? அதை எழுதல பாருக்கா." கோபம் வரும் ரோபோ மட்டும் அவருக்குப் புதிதில்லை. "எங்க லைன்ல தெனம் நடக்கறதுதான்."

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வாயும் வயிறுமாக இருக்கிறவள் காதில் சாவுச் சேதி விழக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. தெருக்கோடித் தாத்தா இறந்தபோதுகூட, கெலமங்கலத்து மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றுதான் அப்பா அம்மாவிடம் சொன்னார். மாமா அந்தக் கட்டுப்பாட்டை நாவலுக்கும் நீட்டிவிட்டார். போரில் அழிந்த படை மொத்தமாக லீவில் போனது. தலை வெட்டப்பட்ட ராஜா வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டார். மற்றவர்களுக்கெல்லாம் டிரான்ஸ்ஃபர். "எல்லாருக்கும் டிரான்ஸ்ஃபர்னா அந்த ஊரை யாருப்பா நடத்தறது?" என்று ஆண்ட்டி ஒருநாள் கேட்டார். "கான்ட்ராக்ட்ல ஆள் எடுத்திருக்காங்க" என்றார் மாமா.

ஏழாம் மாதம் தொடங்கியபோது விண்கப்பல் கதை ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சின்னப் பெண், கப்பலின் அடித்தளத்தில் தனியாகத் தக்காளிச் செடி வளர்ப்பாள். அம்மாவுக்கு அவள்மேல் தனிப் பிரியம். மாமா செருப்பைக் கழற்றும்போதே, "அந்தப் புள்ள எப்படிடா இருக்குது?" என்று கேட்டுவிடுவாள்.

ஒருநாள் மாமா அந்தக் கதையையே எடுக்கவில்லை. டீ குடித்துவிட்டு, கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வேறு கதையைத் தொடங்கினார். அதற்கும் அடுத்த நாள் பழைய கதைக்கே வந்து, "அவளுக்கென்னக்கா, செடி பூ விட்டிருக்குது" என்றார். அப்படிச் சொன்னவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.

அவர் ஃபிரிட்ஜ் மேல் மறந்து வைத்துவிட்டுப் போன அந்தப் புத்தகத்தை எடுத்து, டிக்ஷனரியோடு உட்கார்ந்தேன். அடையாளத்துக்கு மடித்திருந்த பக்கம்தான். கப்பலின் சுவர் விரிசல் விடுகிறது. மற்றவர்களைக் காப்பாற்ற அந்தப் பெண் கதவை உள்ளேயிருந்து அடைத்துக்கொள்கிறாள். பிறகு அவள் இல்லை.

பெரிய திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி எனக்குப் படபடப்பு. கட்டுப்பாடெல்லாம் மறந்துபோயிற்று. அம்மாவிடம் போய், "மாமா பொய் சொல்றாரும்மா. அந்தப் பொண்ணு செத்துப்போயிட்டா" என்றேன்.

அம்மா மின்விசிறியைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"டிரான்ஸ்ஃபர்ல போனவன் ஒருத்தனாவது திரும்பி வந்தானாடி?"

"அப்ப ஏன் பொய் சொல்றாருன்னு மாமாவைக் கேளேன்."

"கேக்க மாட்டேன். நீயும் கேக்காத. அந்தப் புள்ள நல்லாருக்குதுன்னு அவன் வாயால தெனம் சொல்லட்டும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்தே ஒருவர் ஏமாறுவாரா? ஆனால் மறுநாளும் அம்மா அதையேதான் கேட்டாள், மாமாவும் சொன்னார். தக்காளி காய்த்தது, பழுத்தது, கப்பல் முழுக்கச் சட்னி ஆனது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனாள், மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டாள். எழுதியவருக்கே தெரியாத ஒரு நாவல் எங்கள் வீட்டில் ஓடியது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழாம் மாதம் போயிற்று, எட்டும் போயிற்று.

தம்பி கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தான். மாமா கம்பெனி யூனிஃபாரத்தோடு ஓடி வந்தார். பிள்ளையை நீட்டியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்க்கா, கிரீஸ் கை."

நான் பின்னால் போய்ப் பார்த்தேன். "சுத்தமாத்தான் இருக்குது மாமா" என்றேன்.

"டேய், உக்காரு" என்றாள் அம்மா. உட்கார்ந்தார். அவர் மடியில் தம்பியை வைத்தார்கள்.

முந்தின வருஷம் அதே ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்ததைக் கையில் வாங்கிக்கொண்டு தனியாகப் புதைக்கப் போனவர் மாமாதான் என்பது அன்று எனக்குத் தெரியாது. தம்பி கொட்டாவி விட்டான். மாமா மூச்சுகூடப் பெரிதாக விடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தூக்கத் தெரியாதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.