வலிக்காத கால்

எங்கள் வீட்டுக்காரருக்குச் சேற்றுப்புண் வந்தது வயலில் இறங்கி அல்ல. எங்களுக்கு வயலே கிடையாது. ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரியில் இருவரும் ஜவ்வரிசி வேலை செய்தோம். நான் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரிக்கும் பெண்களோடு உட்கார்ந்திருப்பேன். அவருக்குத் தொட்டியில் வேலை. அரைத்த கிழங்குப்பால் தொட்டியில் தெளிந்து மாவு அடியில் கெட்டியாக இறங்கும். மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே இறங்கி மாவை வெட்டி எடுக்க வேண்டும். அதுவும் வெறுங்காலோடு. பூட்ஸ் கேட்டால் மாவு அழுக்காகிவிடுமாம். மனுஷன் கால் மட்டும் சுத்தமாம். சீசன் தொடங்கிவிட்டால் அந்தக் கால் காய நேரமே கிடைக்காது.

எங்கள் ஆட்கள் அதை நோய் என்றே சொல்ல மாட்டார்கள். தொட்டியில் இறங்குகிறவனுக்கு விரலிடுக்கு வெளுத்து ஊறிக் கிடக்கும், தோல் பிய்ந்து வரும், சாயந்திரமானால் அரிப்பு உயிரை வாங்கும். வாசற்படிக் கல்லில் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மருதாணி அரைத்து வைத்துக் கட்டுவேன். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போடுவேன். ராத்திரி தூங்குவார். காலையில் மறுபடி தொட்டி. நான் போட்டதெல்லாம் கரைந்து மாவோடு போகும். அதைத்தான் ஊரெல்லாம் பாயசம் வைத்துக் குடிக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

மெடிக்கல் கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்டதும் பட்டென்று அடங்கியது. விட்டதும் முன்னைவிடச் சிவந்து, பாதம் வரைக்கும் பரவியது. கோபத்தில் அதைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, தொட்டி ஆட்கள் எல்லாரும் செய்கிற வைத்தியத்துக்கே அவரும் போய்விட்டார். களத்தில் காய்ந்த கிழங்கு மாவைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து விரலிடுக்கில் அப்புவார்கள். ஈரத்தை இழுத்துவிடும் என்று நம்பிக்கை. பார்க்கவும் கடையில் விற்கிற பவுடர் மாதிரியே வெள்ளையாக, வழுவழுவென்று இருக்கும். போட்டவுடன் சுகமாகத்தான் இருக்குமாம். யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அதற்கு முன்னமே ஒரு கேம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். "நாங்க செய்யறது ஜவ்வரிசிங்க, சர்க்கரை இல்லீங்க" என்று அந்த நர்ஸைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாள் டீயில் சர்க்கரை இல்லாமல் குடித்தார். மாத்திரையைத் தொடவே இல்லை.

ஒருநாள் வேலை விட்டு வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஏ புள்ள, பாத்தியா? அரிப்பே இல்ல. மாவு வேலையக் காட்டிருச்சு." விரலிடுக்கில் மாவு ஈரத்தோடு சேர்ந்து காரை பூசியதுபோல இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டினால் மறுபடி கிளம்பும் என்று விட்டுவிட்டோம். அந்த வாரம் கறி எடுத்துச் சமைத்தேன். கல்லில் காலைத் தேய்க்கிற சத்தம் இல்லாத வீடு எவ்வளவு நிம்மதி.

பிறகு ஒரு சந்தை நாளில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் விழுந்துவிட்டது. அவர் பாட்டுக்கு நடக்கிறார். தார் ரோடு, உச்சி வெயில். "ஏனுங்க, செருப்பு இங்க கெடக்குதுங்க" என்று கத்தினேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "அட, ஆமாம்" என்று சிரித்தார். எனக்கோ செருப்புக்குள்ளேயே கால் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் காலைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை. கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. தொட்டித் தண்ணீரின் புளிச்ச வாடை எனக்குப் பழக்கம்தான். இது வேறு வாடை, எலி செத்ததுபோல. அவரை உட்காரவைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் காலை முக்கினேன். மாவு அப்படியே பெயர்ந்து வந்தது. அடியில் விரலே கறுத்துக் குழி விழுந்திருந்தது. நான் அலறினேன். அவர் ஏதோ அடுத்தவன் காலைப் பார்க்கிறவர் மாதிரி குனிந்து பார்த்து, "வலிக்கவே இல்லையே" என்றார்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசு. என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "பூஞ்சைக்குத் தினமும் சோறு போட்டு வளத்திருக்கீங்க. அரிப்பு நின்னது ஆறிப்போனதால இல்லம்மா. சர்க்கரையில காலே மரத்துப்போச்சு" என்றார். விஷம் மேலே ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் ஆள் தங்க மாட்டார் என்றும் சொன்னார். அவர் காய்ச்சலில் யார் யாரையோ கூப்பிட்டுப் பிதற்றிக்கொண்டிருந்தார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடித்திருந்த என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் போட்டேன்.

நினைவு வந்த பிறகு அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் மட்டும் ஒரே பேச்சு. "வலிக்காத காலுங்க. ஒரு பொட்டு வலி கெடையாது. வெட்டிப்போட்டாங்க." வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தவர்களில் தொட்டி ஆட்களும் உண்டு. விரலிடுக்கில் மாவோடு வந்து நின்றுகொண்டு, "அவருக்குச் சர்க்கரைங்க, எங்களுக்கு ஒன்னும் ஆவாது" என்று எனக்கே சொன்னார்கள். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டி அனுப்பினேன்.

மிச்சமிருக்கிற காலைக் காப்பாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒவ்வொரு விரலிடுக்கையும் பருத்தித் துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் களிம்பு. மாவோ மருதாணியோ கிட்டேயே வரக்கூடாது. முக்கியமாக, தினமும் கண்ணால் பார்க்க வேண்டும், அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவர் காலைத் தொட விடவில்லை. நான் கிட்டே போனாலே போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன். கடைசியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண் அசந்ததும் திருடி மாதிரி போர்வையை விலக்கிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அன்றைக்குச் சுண்டுவிரல் இடுக்கில் தோல் லேசாக வெளுத்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு துணியால் ஒற்றினேன், களிம்பு தடவினேன். நிமிர்ந்தால் அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து முழித்திருந்தாரோ. காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"இதையாச்சும் உட்டு வையி புள்ள" என்றார்.