சத்தம் போடாத வில்

அம்பை விட்டதும் எல்லாரும் இலக்கைப் பார்ப்பார்கள். மெஷின்காரர் சுவரைப் பார்ப்பார். நடையின் கோடியில் நிமிர்த்தி வைத்த பழைய பஞ்சு மெத்தைதான் இலக்கு. அதில் அம்பு எங்கே குத்தினால் அவருக்கென்ன? பக்கத்து வீட்டுச் சுவர்ப்பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகுதான் அடுத்த அம்பு.

முன்னறையில் தையல் மெஷின் ரிப்பேர். தெருவில் அதுவே பெயராகிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் தூரதேசம் போன பிறகு தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "கைய நல்லா நீட்டி இழுத்துப் பழகுங்க" என்றார் டாக்டர். அதற்காக ஒரு மனுஷன் வில் வாங்குவானா? இவர் வாங்கினார். நுனி இரண்டும் முன்னால் வளைந்த, அந்தக் காலத்து மாதிரி மர வில். நாணை விட்டால் 'டங்' என்று ஊரைக் கூட்டும்.

சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருப்பவள் ராத்திரி டியூட்டி நர்ஸ். பகலில்தான் தூக்கம். முதல் நாளே தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து நின்றாள். "ஏங்க, மனுஷி தூங்கறதா வேணாமா?" அடுத்த தடவை வந்தபோது "ஐயா" என்றாள். அதற்கடுத்த சண்டையில் "பெரியப்பா" ஆகிவிட்டார். திட்டினால் தொண்டை வறளும் இல்லையா, டீ கொடுத்தார். முக்காலியில் உட்கார்ந்து, ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த போலீஸ்காரர் கதையைச் சொன்னாள். மெஷின்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்ததோ!

அவள் கண்ணுக்கடியில் கருத்துக் கிடந்ததையும் பார்த்துவிட்டார். "இரும்மா, நான் வழி பண்றேன். மெஷினும் வில்லும் ஒண்ணுதான். எங்க இடிக்குதோ அங்கதான் கத்தும்."

திரும்பி வரும் நாண் வில்லின் வளைவில் போய் அறைந்துகொண்டிருந்தது. நாணை இன்னும் முறுக்கிக் குட்டையாக்கினார். வில்லுக்கும் நாணுக்கும் இடைவெளி கூடி, சத்தம் பாதி அடங்கியது. அறை விழும் இடத்தில் தடித்த கம்பளித் துண்டு ஒட்டினார். லேசான அம்பு வாங்கிக்கொள்ளாத வேகத்தைத்தான் வில் கத்தித் தீர்க்கிறது என்று பட்டதும் கனத்த அம்புக்கு மாறினார். கடைசியில் தன் மப்ளரைப் பிரித்து, அந்த நூலை நாணில் மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பந்துபோலக் கட்டினார். விட்டார். 'புஸ்'. அவ்வளவுதான்.

"அடங்கிட்டியா ராஸ்கல்!" என்று வில்லைத் தட்டிக்கொடுத்தார்.

அதோடு அவள் வரவும் நின்றது. எதற்கு வருவாள்? ஒருநாள் வாசலில் எதிர்ப்பட்டாள். "வில்ல வித்துட்டீங்களா பெரியப்பா? இப்பல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்!" முகம் தெளிந்திருந்தது. "சந்தோஷம்மா" என்றார். நிஜமாகவே சந்தோஷம்தான். உள்ளே வந்து, கவிழ்த்து வைத்திருந்த இரண்டாவது டம்ளரைக் கண்டார். "நல்லா பண்ணேடா வேலை!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். டீ குடிக்க வாம்மா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். தூங்க வேண்டிய பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவது? சத்தம் இருந்தவரை அது ஒரு சாக்கு.

நேற்று மத்தியானம் கம்பளிப் பந்துகளை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினார். அம்பைத் தொடுத்து, நாணைத் தாடைவரை இழுத்தார். சுவருக்கப்பால் கட்டில் ஒருதரம் கிறீச்சிட்டது. புரண்டு படுத்திருப்பாள்.

இழுத்த நாணை விடவில்லை. மெதுவாக முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பந்துகளைத் திரும்பக் கட்ட உட்கார்ந்தவர், என்ன நினைத்தாரோ, எழுந்துபோய், சூடு ஆறாமல் இருக்க இரண்டாவது டம்ளரை ஒரு தட்டால் மூடிவிட்டு வந்தார்.