நான் வைத்த பிரேக்

போன மாதம் ஒரு நாள், என் கணவருக்கு எங்காவது ஒரு எலும்பு முறிந்தால் தேவலை என்று நினைத்தேன்.

பெரிய எலும்பெல்லாம் வேண்டாம். கால் பக்கம், சின்னதாக ஒன்று. கட்டுப் போட்டு ஆறு வாரம் வீட்டில் உட்கார வைக்கிற அளவுக்கு. கடிதம் எழுதித் திட்ட நினைக்கும் வாசகர்கள் கொஞ்சம் பொறுங்கள்... முழுக்கப் படித்துவிட்டுத் திட்டலாம்.

என் கணவர் சபராளி. பிழைக்க வெளிநாடு போனவரை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். இருபத்தோரு வருஷமாக சவூதியில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. ஆரம்பத்தில் ஒவ்வொரு லீவிலும் கேட்பேன், போதுமே மச்சான், வந்துவிடுங்களேன் என்று. முதலில் வீடு கட்டி முடியட்டும் என்றார். பிறகு தங்கை கல்யாணம் என்றார். இப்போது மகளுடைய காலேஜ். கேட்பதை நிறுத்தி நாலைந்து லீவு ஆகிறது.

அந்த நாற்பது நாளும் நாற்பது நாளாக இருக்குமா? முதல் பத்து நாள் சொந்தக்காரர்களுக்கு. கடைசிப் பத்து நாள், ஆள் இங்கே இருந்தாலும் மனசு பெட்டி கட்ட ஆரம்பித்துவிடும். மிச்சம் இருபது. இந்தத் தடவை அந்த இருபதிலும் பங்கு கேட்டு ஒன்று வந்து இறங்கியது — ஒற்றைச் சக்கர சைக்கிள். அதுவும் கியர் வைத்தது!

கார்கோ பெட்டியைப் பிரித்தால் பால் பவுடருக்கும் தைலத்துக்கும் நடுவில் போர்வை சுற்றிய பெரிய வட்டம். என் மாமியார் டிஷ் ஆன்டெனா என்றே முடிவு கட்டிவிட்டார். கேம்பில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊரோடு கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். அவரிடம் இருந்த இன்னொரு, கியர் இல்லாத வண்டியில்தான் இவர் வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிங்கில் ஓட்டிப் பழகியிருக்கிறார். இரண்டு வருஷமாக! மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்பதுவரை போனில் சொல்கிற மனுஷர், இதை மட்டும் மூச்சு விடவில்லை.

இருபத்தோரு வருஷம் சம்பாதித்து ஒரு சக்கரம்தான் வாங்க முடிந்ததா என்று தெருவே கேட்டுச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த வண்டியில் செயின் கிடையாது. பெடல் நேராகச் சக்கரத்தின் நடுவில். கால் நின்றால் சக்கரமும் நிற்கும். அதனால் கியர் இல்லாத வண்டிக்குக் காலே பிரேக். கியர் வந்துவிட்டால் கதை வேறு. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒன்றரைச் சுற்று ஓடும். இறக்கத்தில் வெறும் காலை நம்பினால் அவ்வளவுதான்.

இறக்கமா... தஞ்சாவூரிலா? தண்ணீரே எந்தப் பக்கம் போவது என்று யோசித்து நிற்கிற ஊர் ஐயா இது! எங்களுக்கு மேடு என்றால் பாலம் மட்டும்தான். ஆனால் திருவையாற்றுக்குப் போகிற சாலையில் ஐந்து பாலம் — வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஏறும்போது சின்ன கியர், இறங்கும்போது பிரேக், சமதரையில் பெரிய கியர். லீவு முடிவதற்குள் ஐந்தையும் தாண்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

என் ஆசை அதைவிடச் சின்னது. எனக்கு எதிரே உட்கார்ந்து, கடிகாரம் பார்க்காமல், ஒரு டீ குடிக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிரேக் மாட்டியது தெருமுனை சைக்கிள் கடையில். ரிம்முக்கு இரண்டு பக்கமும் பிரேக் கட்டை, சீட்டின் மூக்குக்கு அடியில் லிவர். கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு லிவரைப் பிடித்தார். அடித்து வைத்த மாதிரி நின்றது. பிரேக் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்களைப் பெருமையாகப் பார்த்தார். இரண்டு சக்கர வண்டிக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நெல் களத்தில் முதல் தடவை லிவரைப் பிடித்தார் மச்சான். சக்கரம் நின்றது. மச்சான் நிற்கவில்லை.

குறுவை நெல் இன்னும் வயலில் நின்றதால் களம் காலியாக இருந்தது. நல்ல வேளை, பார்த்துச் சிரிக்க நாலு ஆடுகள்தான்.

முழங்கைச் சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்துவிட்டு ஸ்பேனரை நான் பிடுங்கிக்கொண்டேன். பாசத்தில் இல்லை... கோபத்தில். தையல் மெஷினில் நூல் டென்ஷன் வைத்துப் பழகிய கை இது. கொஞ்சம் இறுகினால் நூல் அறுகிறது, கொஞ்சம் தளர்ந்தால் தையல் தொங்குகிறது. கால் திருகு, அரைத் திருகு என்று கேபிளை விட்டுப் பிடித்து, மறுபடியும் விட்டுப் பிடித்து மூன்று நாள் போராடினேன். கடைசியில் பிடிபட்டது. இந்த பிரேக் நிறுத்துவதற்கு இல்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட விடுவதற்கு. சக்கரம் ஓட வேண்டும், ஆனால் தன்னிஷ்டத்துக்கு ஓடக் கூடாது.

கியர் மாற்றுவது இன்னும் கஷ்டம். பெடல் தண்டின் இரண்டு முனையிலும் ஒரு பொத்தான். ஓடிக்கொண்டே இருக்கும்போது குதிகால் பக்கத்தால் அதைத் தட்ட வேண்டும். குனிந்து பார்த்தால் விழுவார். தயங்கித் தட்டினாலும் விழுவார். சரியாகத் தட்டினாலும் ஒரு கணம் பெடலுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பழைய கியர் விட்டுப் போயிருக்கும், புதியது இன்னும் பிடித்திருக்காது. அந்த ஒரு கணத்தில் பதறாமல் இருக்கத்தான் அவருக்குப் பதினேழு நாள் பிடித்தது.

களத்து ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. இங்கே வந்தால் அங்கத்து நேரத்துக்குப் பசிப்பதும், அங்கே போனால் இங்கத்து நேரத்துக்கு விழிப்பதுமாக இந்த மனுஷர் இருபத்தோரு வருஷமாக எந்த கியரில்தான் ஓடியிருக்கிறார்?

நாட்கள் போயின. எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகை வந்தது. அப்படியே ஒரு பழக்கமும் வந்தது — சாயங்காலம் ஆனால் நானே ஸ்பேனரும் தண்ணீர் பாட்டிலுமாக ஸ்கூட்டியில் காத்திருப்பேன். யோசித்துப் பார்த்தால், கல்யாணமானதிலிருந்து நாங்கள் தொடர்ந்து பதினேழு சாயங்காலம் ஒரே இடத்தில் இருந்தது இதுதான் முதல் தடவை. அது தெரிந்த பிறகுதான் அந்த எலும்பு ஆசை வந்தது.

முப்பத்தைந்தாம் நாள். மறுநாள் காலை திருவையாறு. சாயங்கால அஸர் தொழுகைக்கு அவர் பள்ளிவாசல் போயிருந்தார். நான் முற்றத்தில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு கடைசித் தடவையாக பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிளைப் பிடிக்கிற நட்டைத் தளர்த்தினேன். முடுக்க வேண்டும்... கை நின்றுவிட்டது.

ஒரு திருகு. ஒரே ஒரு திருகு குறைத்தால் போதும். வெட்டாற்றுப் பாலத்து இறக்கத்தில் வேகம் கட்டுக்குள் வராது. ஓரத்தில் புல் இருக்கிறது, தலைக்கு ஹெல்மெட் இருக்கிறது. சின்ன முறிவு, மாவுக்கட்டு, டாக்டர் சர்டிபிகேட், லீவு நீட்டிப்பு. எல்லாம் கடகடவென்று மனசுக்குள் ஓடியது. ஆஸ்பத்திரிக்கு எந்த பிளாஸ்கில் டீ கொண்டுபோவது என்பதுவரை யோசித்துவிட்டேன், பாருங்கள்.

நான் வைத்த பிரேக் என்று நம்பித்தானே லிவரைப் பிடிப்பார்? முடுக்கினேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

காலையில் அவர் முன்னால், நான் ஸ்கூட்டியில் பின்னால். வடவாறு ஒரு பொருட்டே இல்லை. வெண்ணாற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டாற்று இறக்கத்தில் என் பிரேக் பூப்போலப் பிடித்தது. குடமுருட்டிப் பாலத்தின் உச்சியில் கியர் தட்டினார் — பிடிக்கவில்லை. கால் சும்மா சுற்றியது. எதிரே ஒரு டவுன் பஸ்.

யா அல்லாஹ், வேண்டாம். ஒரு எலும்பும் வேண்டாம். முழுசாகப் போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும்... இதைச் சொல்லி முடிப்பதற்குள் கியர் விழுந்துவிட்டது. ஆடி அசைந்து நிமிர்ந்து, லிவரைப் பிடித்தபடி அவர் பாட்டுக்கு இறங்கிப் போனார். எனக்குத்தான் ஸ்கூட்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது.

காவிரியைத் தாண்டி திருவையாற்றில் டீ குடித்தோம். எதிரெதிரே உட்கார்ந்து. அவர் மூன்று தடவை கடிகாரம் பார்த்தார்.

நாலாம் நாள் திருச்சி ஏர்போர்ட். வழக்கம்போல உள்ளே போனார், வழக்கம்போல நான் கையை ஆட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை போன் பண்ணினார். மகள் பரீட்சை, மாமியார் சுகர், மழை உண்டா இல்லையா எல்லாம் கேட்டு முடித்தார். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நூரு... அன்னைக்கு அந்த பிரேக்கைக் கொஞ்சம் லூசா விட்டிருக்கக் கூடாதா?"

இருபத்தோரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் பேசிய ஒரே காதல் வசனம் இது.